நெஞ்சு உயரத்தில் ஒரு சாலை

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இதோடு சுருட்டி வைத்திருக்கும் படத்தை இப்போது பிரிக்காதீர்கள். எந்தப் பொட்டலம் வந்தாலும் அனுப்பியது யார் என்றுகூடப் பார்க்காமல் கிழிக்கிற ஆள் நீங்கள் என்று உங்கள் மகள் எச்சரித்திருக்கிறாள். முதலில் கடிதம், பிறகு படம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சரி சரி, வெச்சிடவா" என்பதற்குமேல் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் நீங்கள் அடுத்து வேலைக்குப் போகிற ஊரின் லாரி எடைமேடை ஆபீஸ் முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவள் வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்று காலை டாக்டரம்மா பார்த்தவரை அவளும் நலம், வயிற்றில் இருப்பதும் நலம். இந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

கர்ப்பப்பையின் வாய் சீக்கிரமே தளர்ந்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள். உட்காரக் கூடாது, நடக்கக் கூடாது, இடது பக்கமாகப் படுத்தே இருக்க வேண்டும். இரண்டு தடவை கைநழுவிப் போனது மூன்றாவது தடவையும் போய்விடக் கூடாது என்பதுதான் இங்கே எல்லோருக்கும் கவலை. இன்னும் ஒரு மாதத்தை ஓட்டிவிட்டால் குழந்தை எப்போது வந்தாலும் பயமில்லை என்கிறார் டாக்டரம்மா. அந்த ஒரு மாதத்தைத்தான் நாங்கள் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவள்தான் சொன்னாள். கோபப்படுவதானால் அவளிடம் படுங்கள், ஆனால் குழந்தை பிறந்த பிறகு. போன தடவை நீங்கள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். வந்தவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். அவள் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வந்து உங்களைத் தேற்றினாள். இந்தத் தடவை கட்டிலில் சேர்த்த உடனே அவள் சொன்னது இதுதான்: "அப்பா வந்தா அழுவார். அவரைத் தேத்தணும். அதுக்குத் தெம்பு இல்லை." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தினமும் படுத்துக்கொண்டேதான் உங்களிடம் பேசினாள். பின்னால் என்ன சத்தம் என்று ஒருநாள் கேட்டீர்களே, டிவி என்றாளே, அது மருந்து வண்டி.

இப்போது நன்றி சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. ஆபீஸில் யாராவது உதவி செய்தால் "ஓகே" என்று தட்டிவிடுவேன். அதனால் இது கொஞ்சம் கோணல்மாணலாக வரும்.

அவள் படுத்திருக்கும் அறையில் இரண்டு கட்டில்கள். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் எதிரே சுவர். வெளுத்த பச்சை நிறம், நடுவில் பிடுங்கிய ஆணியின் ஓட்டை. ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால். முதல் வாரம் பேசினாள். இரண்டாவது வாரம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதன்பிறகு உங்கள் போனுக்குக் குரல் கொடுப்பதைத் தவிர, சாப்பாட்டை வாயருகே கொண்டுபோனால் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள், அவ்வளவுதான். என் அம்மா ஒருநாள் என்னை வெளியே இழுத்துப்போய், அவ அந்த ஆணி ஓட்டையையே பார்த்துட்டிருக்காடா, ஏதாவது பண்ணு என்றாள். படுத்தபடி போனைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றுகிறது. டிவி வைக்க அனுமதியில்லை. புத்தகத்தைப் பிடித்தால் கை கடுக்கிறது. மிச்சம் இருந்தது சுவர் மட்டும்தான்.

நம் மூன்று பேர் குரூப்பில் நீங்கள் போடும் படங்களை நான் கல்யாணமான முதல் மாதமே சத்தம் வராமல் அடைத்துவிட்டேன். தெரிந்துகொள்ளுங்கள், பரவாயில்லை. போகிற ஊரெல்லாம் லாரி எடைமேடையைச் சரிபார்த்துவிட்டு, "இங்க இருக்கேன்" என்று ஒரு ரோடு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டயர் கடை என்று அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். பாதிப் படங்களின் ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் இருக்கும். மருந்து அட்டையில் ஒரு மாத்திரை குறைந்தாலே கேமராவை வைத்துக் கண்டுபிடித்துத் தள்ளுகிற வேலை செய்கிறவன் நான். உங்கள் படம் ஒவ்வொன்றும் எனக்குக் கழித்துக்கட்ட வேண்டிய அட்டை மாதிரிதான் தெரிந்தது. இருந்தாலும் என்னிடம் இருந்தது அதுதான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இறக்கினேன். ஆயிரக்கணக்கில் வந்தது.

முதலில் செய்த படம் மகா அழகு. ஒரு ஊரிலிருந்து மலை, இன்னொரு ஊரிலிருந்து ஆறு, வேறொரு ஊர் மேகம். கம்பி, கம்பம், லாரி, குப்பை, கட்டைவிரல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். ஒட்டிய இடம் எதுவென்று என்னாலேயே சொல்ல முடியாது. பேனர் அடிக்கிற கடையில் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா இருக்கிறார். பஸ் கண்டக்டர். அவருக்கும் இதே படுக்கைத் தண்டனைதான், ஆனால் வாய்க்கு ஓய்வு சொல்லவில்லை. என் படத்தைப் பார்த்துவிட்டு, பல் டாக்டர் ரூம்ல இதே மாதிரி ஒண்ணு பார்த்திருக்கேன், ஊசி போடுறதுக்கு முன்னாடி காட்டுவாங்க என்றார். உங்கள் மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அங்க எப்படிப் போறது?"

எனக்குப் புரியவில்லை. அது ஒரு இடமே இல்லை, மூன்று ஊரை வெட்டி ஒட்டியது என்று விளக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது கண்டக்டர் அக்காதான், இந்த மரமண்டைக்கு உறைக்கிற மாதிரி சொல்லும்மா என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். தம்பி, படத்துல ரோடே இல்லையே, எவன் போவான் அங்க? என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் கழித்துப் போட்ட படங்களை எல்லாம் மறுபடி எடுத்தேன். எல்லாவற்றிலும் ரோடு இருந்தது. இருக்காதா பின்னே? எடைமேடைகள் இருப்பதே ரோட்டோரத்தில்தானே. தார் ரோடு, மண் ரோடு, நடுவில் வெள்ளைக்கோடு போட்டது, பள்ளத்தில் தண்ணீர் நிற்பது. நான் குப்பை என்று ஒதுக்கியது அத்தனையும் ரோடு.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் உங்கள் கைவரிசை இருக்கிறது. பல ஊர் ரோடுகளை ஒரே ரோடாக ஒட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒன்றைக் குனிந்து எடுத்திருப்பீர்கள், ஒன்றைக் கையைத் தூக்கி எடுத்திருப்பீர்கள். அடிவானம் ஒன்றில் மேலே போகும், ஒன்றில் கீழே போகும். ஒட்டினால் ரோடு மாடிப்படி மாதிரி உடையும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். முதல் இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்தேன். பொருந்தியது. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று மூன்றாவதை வைத்தேன். அதுவும் பொருந்தியது. நீங்கள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து எடுக்கிறீர்கள். எந்த ஊரிலும், எந்த வருடத்திலும், ஒரே உயரம். படம் எல்லாம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்? தோளில் தொங்கும் கருவிப் பை இழுக்கிற சாய்வு அது. எல்லாப் படத்திலும் அதே அளவு. ஒரு படத்தை நிமிர்த்தினேன், அதே கணக்கைப் போட்டதும் மீதி எல்லாம் நிமிர்ந்துகொண்டன.

புதுப் போன் வாங்குங்கள் என்று நான் நச்சரித்தபோது காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அந்தக் கீறல் விழுந்த பழசையே வைத்திருந்தீர்கள். அதற்கும் நன்றி. லென்ஸ் மாறியிருந்தால் நான் செத்தேன்.

புது ரோடு அவள் தலையணை உயரத்தில் தொடங்கியது. ஒட்டி முடித்துவிட்டு, விளக்கம் சொல்லப் போகாமல் ஒதுங்கி நின்றேன், முன்பு பட்டது போதும். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பெட்ரோல் பங்க் நீலச் சுவரைத் தாண்டி, டயர் கடையைத் தாண்டி, ரோடு வளைகிற மரத்தடி வரைக்கும் அவள் கண் போவதை நானே பார்த்தேன். அந்த வளைவுக்கு அப்புறம் என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, பேப்பர் தீர்ந்துவிட்டது என்றேன். நாளைக்குப் போட்டுக் கொண்டு வா என்றாள். அன்று அம்மா கொண்டுவந்த சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து எனக்கு ஆர்டர்மேல் ஆர்டர். பாலம் வேண்டும். பாலத்துக்குக் கீழே தண்ணீர் வேண்டும், வறண்ட ஆறு வேண்டாம். ரயில்வே கேட் ஒன்று சேர்த்தேன், நீங்கள் எப்போதோ மாட்டிக்கொண்டு நின்றபோது எடுத்தது. கேட் மூடியிருந்தா வண்டி எப்பத்தான் போறது, திறந்து வை தம்பி என்றார் கண்டக்டர் அக்கா. திறந்த கேட்டைத் தேடி இன்னொரு ஊர்ப் படத்திலிருந்து எடுத்துப் பொருத்தினேன். அடுத்த நாள், இவ்வளவு நீள ரோட்டுல ஒரு ஸ்டாப் இல்லையா, என்ன பிழைப்புடா இது என்றார். ஸ்டாப்பும் வைத்தேன். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'வெட்டி ஒட்டி'. தலைமை நர்ஸ் முதல்நாள் சுவர் பெயின்ட் உரியும், கழற்று என்று சத்தம் போட்டார். மறுநாள் கட்டுப்போடுகிற டேப்பை அவரே கொண்டுவந்து, இது உரிக்காது, இதைப் போடு என்று கொடுத்துவிட்டுப் போனார். ரோடு இப்போது சுவர் மூலையில் திரும்பி அடுத்த சுவரில் பாதிவரை வந்துவிட்டது.

உங்களை நான் வேலை வாங்கியது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். மரப் பெஞ்ச் ஒன்று வேண்டும், காலை வெயில், சூரியன் உங்களுக்கு இடது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டேனே. ஆபீஸ் வேலைக்கு என்று நினைத்துக்கொண்டு செய்தீர்கள். ஒரு வார்த்தை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சூரியனை இடது பக்கம் கொண்டுவர எதிர்ப்பக்கம் போய் நின்றேன் மாப்பிள்ளை, அந்தப் பக்கத்து நாய்க்குப் பிடிக்கவில்லை, ஓட வேண்டியதாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். வயிறு குலுங்கக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அதுதான் முதல் சிரிப்பு. அந்தப் பெஞ்ச் இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாயையும் வைத்திருக்கிறேன், தூங்குகிற மாதிரி.

போன வாரம் ஒரு மத்தியானம் வலி வந்துவிட்டது. வரக் கூடாத வலி. உங்களிடம் மறைத்துப் பயனில்லை, அன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊசி போட்டார்கள், வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி மெஷினில் மாட்டினார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவள் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. ரோடு சொல்லு என்றாள் என்னிடம். எனக்குக் கதை சொல்லத் தெரியாது. மெஷின் ரிப்போர்ட் படிப்பது மாதிரி ஆரம்பித்தேன். இடது பக்கம் பெட்ரோல் பங்க், சுவர் நீலம், கீழே ஒரு அடிக்குப் பெயின்ட் உரிந்திருக்கிறது. வலது பக்கம் டயர் கடை, மேலே இருக்கும் டயர் மட்டும் புதுசு. இப்படியே. பாலம் வரும்போது அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள், நான் நிறுத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாலம் ஸ்டாப்! இறங்குறவங்க இறங்குங்க. இந்தப் பொண்ணு இறங்காது, இதுக்கு இன்னும் தூரம் டிக்கெட் எடுத்திருக்கு. போலாம், ரைட்!"

நான் மறுபடி தொடங்கினேன். கேட், பெஞ்ச், தண்ணீர்த் தொட்டி. கடைசி வரை போய்விட்டு மறுபடி பெட்ரோல் பங்குக்கு வந்தேன். எத்தனை தடவை போய்வந்தோம் என்று தெரியாது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அந்த அக்கா குரல் கொடுத்தார், அவருடைய குழந்தையும் ஆபத்தில் இருக்கும்போது. சாயங்காலம் வாக்கில் வலி தளர்ந்து, பிறகு நின்றுவிட்டது. டாக்டரம்மா மெஷின் தாளைப் பார்த்துவிட்டு, மருந்து கேட்டுவிட்டது என்றார். மருந்துதான், நான் விஞ்ஞானம் படித்தவன், சந்தேகமில்லை. ஆனால் மருந்து கேட்கிறவரை அவள் பிடித்துக்கொண்டிருந்தது உங்கள் ரோட்டை.

வலி நின்ற பிறகு அவள் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ரோட்டில் ஒரு ஆள்கூட இல்லையே என்றாள் திடீரென்று. உண்மைதான். நிழல் பொருந்தாது என்பதால் ஆட்களை எல்லாம் நான் துடைத்துவிடுவேன். யாரைப் போடட்டும் என்று கேட்டேன். அப்பாவைப் போடு என்றாள்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். அத்தனை ஆயிரம் படத்தில் நீங்கள் ஒன்றில்கூட இல்லை. கட்டைவிரல் இருக்கிறது. ஒரு டீக்கடைக் கண்ணாடியில் பாதிச் சட்டை இருக்கிறது. சில காலைநேரப் படங்களில் ரோட்டின்மேல் நீளமாக உங்கள் நிழல் விழுந்திருக்கிறது, தோளில் பையோடு. அத்தை இறந்துபோன பிறகு, ஹாஸ்டலில் இருந்த மகளுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டத்தான் படம் எடுக்கத் தொடங்கினீர்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஊரை எல்லாம் காட்டியிருக்கிறீர்கள், உங்களை மட்டும் காட்டவில்லை. இருந்ததில் நல்லதாக ஒரு நிழலை வெட்டி, வெயில் திசையைத் திருத்தி, மரத்தடியில் விழுகிற மாதிரி வைத்து மறுநாள் கொண்டுபோனேன். சுத்தமான வேலை. பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நிழல் வேண்டாம். ஆள் வேணும்."

நீங்கள் வந்தால் அழுவீர்களே என்று ஞாபகப்படுத்தினேன். எனக்கு வாய் அடங்காது. அழட்டும், நானும் கூட அழுதுக்கறேன், ரெண்டு பேரும் சேர்ந்து அழுதா யாரும் யாரையும் தேத்த வேண்டியதில்லை என்றாள். அதன்பிறகுதான் இந்தக் கடிதம் எழுத எனக்கு அனுமதி கிடைத்தது.

இப்போது படத்தைப் பிரித்துப் பார்க்கலாம். சுவரில் இருப்பதன் சின்னப் பிரதி அது. எந்த ரோடு எந்த ஊர் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அது ஒரே ரோடு.

நான் கேட்பது ஒரு போட்டோ. நீங்கள் எடுப்பது அல்ல, உங்களை எடுப்பது. கூட வேலை செய்கிறவர் யாரிடமாவது போனைக் கொடுத்து, நெஞ்சு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். காலை வெயில், அவருக்கு இடது பக்கம் சூரியன். தலையிலிருந்து கால்வரை முழுசாகத் தெரிய வேண்டும். விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, கேமராவைப் பார்த்து நடந்து வர வேண்டும். ரோட்டின் இந்த முனையில், அவள் தலையணைக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இல்லையென்றால் நேரிலேயே புறப்பட்டு வந்துவிடுங்கள் மாமா. எனக்கு வெட்டி ஒட்டுகிற வேலை மிச்சம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறக்கப்போகிற உங்கள் பேரக்குழந்தைக்கு அங்கிருந்தே ஆசீர்வாதம் சொல்லுங்கள், மீதியை வந்து சொல்லலாம்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு. இதை முடிக்கும்போது அவள் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஒரு திருத்தம் சொன்னாள்: "அந்த 'இல்லையென்றால்' எதுக்கு? அடிச்சிடு." அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.